காய்ச்சல்காரருக்கு அபராதம், காய்ச்சலுக்குப் பரிசு



கொஞ்சம் நீளமான பதிவு. டீயைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். கல்லூரியில் வேலை பார்க்கிறவர்களும், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கிறவர்களும் பாதியில் விட்டுவிட்டு ஓடக்கூடாது. யார் முழுசும் படித்தார்கள் என்று கமெண்ட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்!

ஐப்பசி மழை தொடங்கியதும் ஊரெல்லாம் இருமல். நம் குடும்ப குரூப்பிலும் பழைய மாணவர் குரூப்பிலும் அறிவுரைகள் வரிசையாக வந்து விழுகின்றன. கையைக் கழுவு, மாஸ்க் போடு, காய்ச்சல் அடித்தால் வீட்டிலேயே இரு. போன வாரம் ஒரு பையன் தன் கல்லூரிச் சுற்றறிக்கையை எனக்கு அனுப்பியிருந்தான். அதிலும் இதே மூன்று அறிவுரை. இரண்டு நாள் கழித்து அதே கல்லூரியின் அடுத்த சுற்றறிக்கையை அனுப்பினான். வருகை 75 சதவீதத்துக்குக் குறைந்தவர்களின் பட்டியல். பெற்றோரை அழைத்துக்கொண்டு துறைத்தலைவரைப் பார்க்க வேண்டுமாம்.

ஒரு கை ‘வராதே’ என்று காட்டுகிறது. இன்னொரு கை காதைத் திருகி உள்ளே இழுக்கிறது. பிள்ளை எந்தக் கைக்குப் பயப்படும்? நீங்களே சொல்லுங்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். காய்ச்சலோடு வகுப்புக்கு வருகிற மாணவரையும் ஆசிரியரையும் திட்டாதீர்கள். அவர்களை வரவைக்கிற விதியைத் திருத்துங்கள். விதியைத் தொடாமல் வாசலில் சானிடைசர் பாட்டில் வைக்கிற கல்லூரிக்கு நோயைப் பற்றி அறிவுரை சொல்ல அருகதை கிடையாது.

முதலில் கணக்கு. கணக்குப் பாடம் எடுத்தவள் ஆயிற்றே!

ஃப்ளூ காய்ச்சல் வந்தவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே நோய் தொற்ற ஆரம்பித்துவிடும். அதன்பின் ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும். அதிலும் முதல் மூன்று நான்கு நாள்தான் அதிகம். டோலோ மாத்திரை போட்டால் சூடு இறங்கும், தலைவலி குறையும். ஆனால் தொற்றுகிற தன்மை குறையாது. உடம்பு அனலாகக் கொதித்தால் பிள்ளை தானாகவே படுத்துவிடும். மாத்திரை அந்தப் பிள்ளையை எழுப்பி பஸ்ஸில் ஏற்றி வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. நோய்க்கு இதைவிட நல்ல வாகனம் வேறு என்ன வேண்டும்?

ஒருவர் இரண்டு பேருக்குக் கொடுப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 8, 16, 32. கூட்டிப் பாருங்கள், 63. ஐந்தாவது சுற்றிலேயே ஒரு வகுப்பு முழுசும் முடிந்தது. முதல் பிள்ளையை மூன்று நாள் வீட்டில் இருக்க விட்டிருந்தால் வகுப்புக்கு நஷ்டம் மூன்று நாள் வருகை. விடாததால் அறுபது பிள்ளைகளுக்கும் மூன்று மூன்று நாள் என்று 180 நாள் வருகை போச்சு. வருகையைக் காப்பாற்றப் போட்ட விதி வருகையையே தின்கிறது. இதை நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கணக்காகக் கொடுத்தால் சரியாகப் போட்டுவிடுவார்கள். பெரிய பெரிய பட்டம் வாங்கிய நிர்வாகிகளுக்கு ஏன் விளங்கவில்லை?

“75 சதவீதம் என்றால் 90 நாளில் 22 நாள் விடுப்பு எடுக்கலாமே டீச்சர், அது போதாதா?” என்று என் மாணவன் ஒருவன், இப்போது உதவிப் பேராசிரியர், போனில் கேட்டான். ஏல, நீ சொல்வது காகிதத்தில் சரி. நடப்பைப் பார். பல இடங்களில் நாள் கணக்கு கிடையாது, பாடவேளைக் கணக்கு, பாடவாரியாகக் கணக்கு. வாரத்துக்கு ஒரு நாள்தான் லேப் என்றால், காய்ச்சல் அந்த நாளில் வந்தால் அந்தப் பாடத்தில் அடி. சில கல்லூரிகளில் அக மதிப்பெண்ணில் வருகைக்கென்றே தனியாக மதிப்பெண் உண்டு. அங்கே 75 தாண்டினாலும் போதாது, ஒவ்வொரு நாளும் மதிப்பெண்தான். சில தனியார் கல்லூரிகளில் ஒரு நாள் வராவிட்டாலே வீட்டுக்கு போன், மறுநாள் அபராதம். டெங்குவோ டைபாய்டோ வந்து இரண்டு வாரம் படுத்தவன் அதன்பின் சாதாரண ஜலதோஷத்துக்கு எங்கே போய் விடுப்பு எடுப்பான்?

இதில் ‘கண்டோனேஷன்’ என்று ஒன்று. வருகை 65க்கும் 75க்கும் நடுவில் நின்றால், மருத்துவச் சான்றிதழோடு பணமும் கட்டினால் பரீட்சை எழுதலாம். பல பல்கலைக்கழகங்களில் இதுதான் நடைமுறை. நோய் வந்ததற்குப் பணம் கட்டு! பெட்டிக்கடைக்காரன் கூட காய்ச்சல்காரனிடம் சோடாவுக்குத்தான் காசு வாங்குவான், காய்ச்சலுக்கு வாங்க மாட்டான்.

மறுபக்கம் ஆண்டு விழா மேடையில் ‘நூறு சதவீத வருகை’க்குப் பரிசு. கை தட்டுகிறோம். ஒரு நாள் கூடக் காய்ச்சல் வராத பிள்ளை என்றால் கடவுள் புண்ணியம், அதற்கு எதற்குப் பரிசு? காய்ச்சலோடு வந்து இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை என்றால் அதற்கும் சேர்த்தா பரிசு?

இனி ஆசிரியர்கள் பக்கம் வருகிறேன். இங்கேதான் எனக்கு நெஞ்சு எரிகிறது.

நிரந்தரப் பேராசிரியருக்கு வருஷத்துக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு இருக்கிறது, மருத்துவ விடுப்பும் இருக்கிறது. அவருக்குப் பக்கத்து நாற்காலியில், அதே பாடத்தை, அதே பிள்ளைகளுக்கு நடத்துகிற கௌரவ விரிவுரையாளருக்கு என்ன இருக்கிறது? பெயரில் மட்டும் கௌரவம். மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு, வராத நாள் சோறில்லாத நாள். ஹாஸ்டல் மெஸ்ஸில் பரிமாறுகிற அக்காவுக்கும், கழிவறை கழுவுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே கதைதான். ஆயிரம் பிள்ளைகளின் தட்டில் சோறு போடுகிறவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தால் அது யார் குற்றம்?

சத்தம் போட்டுப் பேசும்போது வாயிலிருந்து வெளிவருகிற நுண்துளிகள் அதிகம். ஒரு வகுப்பில் மணிக்கணக்காகச் சத்தம் போட்டுப் பேசுகிறவர் யார்? ஆசிரியர். ஒரு நாளைக்கு நாலு வகுப்பு, வகுப்புக்கு அறுபது பேர், 240 பிள்ளைகள். ஆக, ஒரு வளாகத்தில் காய்ச்சலோடு வரவே கூடாத ஆள் ஆசிரியர்தான். அவர்களில் ஒரு பெரிய கூட்டத்துக்குத்தான் விடுப்பே இல்லை.

என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி, இப்போது ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்கிறாள். பெயரும் ஊரும் கல்லூரியும் எழுத மாட்டேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். போன வருஷம் கார்த்திகையில் 102 டிகிரி காய்ச்சலோடு மூன்று நாள் வகுப்பு எடுத்தாள். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். நிமோனியா. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அவள் வீடு திரும்புவதற்குள் மாமியாருக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. சர்க்கரை நோயாளி, எழுபதைத் தாண்டியவர். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மருமகளிடமிருந்துதான் தொற்றியது என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வேறு யாரிடமிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஆனால் அவள் சொல்கிறாள். தினமும் ராத்திரி தனக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறாள். “மூணு நாள் சம்பளத்துக்கு ஆசைப்பட்டேன் டீச்சர்” என்றாள்.

ஆசையா அது? வீட்டு வாடகையும் பிள்ளை பள்ளிக் கட்டணமும் ஆசையா? ஒரு நிறுவனம் போட்ட விதியின் பாவத்தை ஒரு பெண் தன் தலையில் சுமந்துகொண்டு திரிகிறாள். இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

“அந்தக் காலத்தில் நாமெல்லாம் காய்ச்சலோடு போகவில்லையா, என்ன ஆகிவிட்டது?” என்று குரூப்பில் அத்தான் ஒருவர் எழுதியிருந்தார். அத்தான், கோபிக்கக் கூடாது. நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்குத் தெரியும். நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு என்ன ஆனது என்று நாம் கணக்கெடுத்தோமா? பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் வீட்டில் கைக்குழந்தை இருந்ததா, பிள்ளைத்தாச்சி இருந்தாளா என்று யார் கேட்டோம்?

அந்தக் காலம் என்று சொன்னீர்களே, அந்தக் காலத்திலேயே ஒரு நல்ல வழக்கம் இருந்தது. அதைச் சொல்கிறேன். வீட்டில் பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகுவோம். அதைப் பார்த்ததும் யாரும் உள்ளே வரமாட்டார்கள். பிள்ளையைத் தனியாகப் படுக்க வைத்து, மூன்று தண்ணீர் ஊற்றுகிற வரை வெளியே விடமாட்டோம். பள்ளிக்கூடத்தில் ‘அம்மை போட்டிருக்கு’ என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். எந்த வாத்தியாரும் டாக்டர் சான்றிதழ் கேட்டதில்லை. யாரும் பொய் என்று சந்தேகப்பட்டதில்லை. அந்தப் பிள்ளையைக் கேவலமாகவும் பார்த்ததில்லை, ‘அம்மா வந்திருக்கா’ என்று மரியாதையாகச் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்தது இதுதான்: நோயாளியை ஒதுக்கி வைக்கலாம், ஆனால் தண்டிக்கக் கூடாது. அந்த மரியாதையில் பாதியைக் கல்லூரிகள் காய்ச்சல்காரனுக்குக் கொடுத்தால் போதும்.

பயமில்லாமல் முன்வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலில் கொரோனா உறுதியானது ஒரு பல்கலைக்கழக மாணவிக்குத்தான். சீனாவின் வூகானில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த திருச்சூர்ப் பெண். 2020 ஜனவரியில் ஊருக்கு வந்து கண்காணிப்பில் இருந்தவர், தொண்டை வலியும் இருமலும் வந்ததும் மறைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஜனவரி 30 அன்று உறுதியானது. அடுத்து ஆலப்புழையிலும் காசர்கோட்டிலும் தெரியவந்த இருவரும் வூகானிலிருந்து திரும்பிய மாணவர்களே. அந்த மூவரோடு கேரளத்தில் முதல் சுற்று நின்றது. அடுத்த நோயாளிகள் மார்ச் மாதம் இத்தாலியிலிருந்து திரும்பிய குடும்பத்தில்தான் தெரியவந்தார்கள். ‘இருமல் இருக்கிறது’ என்று சொன்னால் வருகை போய்விடும் என்ற பயம் அந்தப் பிள்ளைகளுக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதே வருஷம் டிசம்பரில் சென்னை ஐஐடியில் நூறு பேருக்கு மேல் தொற்று வந்தது நினைவிருக்கும். நாட்டிலேயே மூளைக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம். அறிவு குறைந்தா பரவியது? கூடிச் சாப்பிடுகிற மெஸ் என்று ஒரு இடம் இருந்தால் நோய் அங்கேதான் கூடும். பிறகு சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி அறைக்கே கொடுத்தார்கள். அதாவது, செய்ய முடியாத காரியம் எதுவும் இல்லை. பத்திரிகையில் செய்தி வந்த பிறகு செய்வதை, முதல் பிள்ளை இருமும்போதே செய்யலாம்.

காசநோயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உலகத்துக் காசநோயாளிகளில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் நம் நாட்டுக்காரர். வாலிபப் பிள்ளைகளுக்கும் வருகிறது. ஹாஸ்டலில் ஒரு பையனுக்கு டிபி என்று தெரிந்தால் என்ன செய்கிறார்கள்? பெட்டியைக் கட்டச் சொல்கிறார்கள். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற பையன் சளிப் பரிசோதனைக்குப் போகாமல் மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டு செமஸ்டரை ஓட்டுகிறான். அறைத் தோழர்கள் மூன்று பேரும் அதே காற்றை மூச்சு வாங்குகிறார்கள்.

இந்தப் பயத்துக்கு நம் சென்னையே அறுபது வருஷத்துக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தும், இன்னொரு பகுதியினரை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1959இல் வந்தது. இரண்டு பக்கமும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகமே அதைப் பார்த்துத் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. மருந்தை ஒழுங்காகத் தொடங்கினால் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். இன்று அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் தருகிறார்கள். ஆபத்தானவன் மருந்து சாப்பிடுகிற பையன் இல்லை, வார்டனுக்குப் பயந்து மறைக்கிற பையன். அவனை மறைக்க வைத்தது யார்?

கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொரோனாவுக்கு முன்னால் ‘வெண்டிலேட்டர்’ என்றால் நமக்கு என்ன? சுவரில் கூரைக்குக் கீழே விடுகிற காற்றுத் துவாரம். பழைய பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் உயரமான கூரை, எதிரெதிர் ஜன்னல், மேலே வெண்டிலேட்டர் எல்லாம் இருக்கும். இன்றைக்குக் கட்டுகிற ‘ஸ்மார்ட்’ வகுப்பறையில் கண்ணாடியை மூடி ஏசி போடுகிறார்கள். சுவரில் மாட்டுகிற ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, அறைக்குள் இருக்கிற காற்றையே குளிர்த்திக் குளிர்த்தித் திருப்பிவிடும். அறுபது பேர் விட்ட மூச்சை அறுபது பேரும் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியதுதான். சுவரில் வைக்க வேண்டிய வெண்டிலேட்டரை வைக்காமல், கடைசியில் ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டர் தேடி அலைந்தோம்.

சரி டீச்சர், குறை சொல்லியாயிற்று, என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்பீர்கள். எழுதிக்கொள்ளுங்கள்.

1. செமஸ்டருக்கு ஐந்து நாள் காய்ச்சல் விடுப்பு. சான்றிதழ் வேண்டாம், மாணவரின் கடிதமோ போன் செய்தியோ போதும். அந்த நாட்களை 75 சதவீதக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். நீண்ட நோய்க்கு டாக்டர் சான்று கேளுங்கள், பணம் கேட்காதீர்கள்.

2. தவறிய அகத் தேர்வுக்கும் லேப்புக்கும் ஒரு மறுவாய்ப்பு, கட்டணம் இல்லாமல். 2020இல் வீட்டிலிருந்தே வகுப்பும் பரீட்சையும் நடத்திய பல்கலைக்கழகங்கள்தானே இவை! ஒரு மறுதேர்வு நடத்த முடியாதா?

3. கௌரவ விரிவுரையாளர், மெஸ் பணியாளர், துப்புரவுப் பணியாளர் எல்லாருக்கும் சம்பளத்தோடு நோய் விடுப்பு. செலவு என்பீர்கள். ஒரு ஆண்டு விழாப் பந்தல் செலவைக் குறையுங்கள்.

4. ஒவ்வொரு ஹாஸ்டலிலும் காய்ச்சல்காரருக்கு என்று ஜன்னலுள்ள இரண்டு அறை. வேளாவேளைக்குக் கேரியரில் கஞ்சியோ ரசம் சாதமோ போக வேண்டும். டிபி என்றால் பெயர் வெளியே வரக்கூடாது, ஹாஸ்டலை விட்டு அனுப்பக்கூடாது.

5. வகுப்பு நடக்கும்போது ஜன்னலைத் திற. ஏசி ஓடினாலும் எதிரெதிராக இரண்டு ஜன்னலாவது திறந்திருக்கட்டும்.

6. எப்போது திரும்பி வரலாம் என்பதற்கு எல்லாருக்கும் புரிகிற ஒரே அளவுகோல். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 மார்ச்சில் சொன்னது எளிமையாக இருக்கிறது: மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, உடம்பும் தேறிவந்தால் வரலாம். அடுத்த ஐந்து நாள் மாஸ்க் போன்ற கவனம் வேண்டும். இதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு காகிதம் போதும்.

“பிள்ளைகள் பொய் சொல்லி லீவு போடுவார்களே” என்று கேட்பீர்கள். சொல்வார்கள். 36 வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு அது தெரியாதா? வயிற்றுவலி எப்போது நிஜம், எப்போது கணக்குப் பரீட்சை என்று பார்த்த உடனே சொல்வேன். ஆனால் இன்றைய விதி பொய்யைத் தடுக்கிறதா? பொய் சொல்கிறவன் இருநூறு முந்நூறு ரூபாய்க்குச் சான்றிதழ் வாங்கிவிடுகிறான். மாட்டுவது யார்? சாதாரண காய்ச்சலுக்குக் கஞ்சி குடித்துப் படுத்திருந்து, டாக்டரிடம் போகக் காசில்லாமல், காகிதம் இல்லாமல் வந்து நிற்கிற ஏழைப் பிள்ளை. பத்துப் பேர் ஐந்து நாள் சினிமாவுக்குப் போனால் அதனால் யாரும் சாகப் போவதில்லை. ஒருவர் காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். “மாத்திரை போட்டுக்கிட்டுப் போயிட்டு வா, இன்னைக்கு ஒரு நாள்தானே” என்று பிள்ளையைக் கிளப்பி விடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஆண்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஜலதோஷத்துக்கும் ஃப்ளூவுக்கும் காரணம் வைரஸ், அதன்மேல் அந்த மருந்து வேலை செய்யாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், காய்ச்சல் விட்டுத் திரும்ப ஏறினால் உடனே டாக்டரிடம் போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுத்துப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

என்னிடம் படித்தவர்களில் இன்று துறைத்தலைவர்கள் நாலு பேர், ஒரு முதல்வர், ஹாஸ்டல் வார்டன் இரண்டு பேர் இருக்கிறீர்கள். இந்தப் பதிவைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அரசாணை வரட்டும், பல்கலைக்கழகம் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜன்னலைத் திறக்க அரசாணை வேண்டாம். ஹாஸ்டலில் இரண்டு அறை ஒதுக்க ஆட்சிமன்றக் குழு கூட வேண்டாம். உங்கள் கையில் இருப்பதைத் திங்கட்கிழமை செய்யுங்கள். கையில் இல்லாததை, அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். எழுந்து நின்று கேள்வி கேட்கத்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

என்ன செய்தீர்கள் என்று கமெண்ட்டில் எழுதுங்கள். ‘அருமை டீச்சர்’, கைகூப்பு பொம்மை எல்லாம் வேண்டாம். எந்த ஜன்னலைத் திறந்தீர்கள் என்று எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்